டேப்பில் இருந்த இரண்டாவது பெண்

எனக்கு வாய் நீளம். இதை எனக்கு ஆகாதவர்கள் மட்டுமல்ல, என்னைப் பெற்றவர்களும் சொல்லியிருக்கிறார்கள். பேச ஆரம்பித்தால் பஸ் வந்துவிட்டதே என்றுதான் நிறுத்துவேன். ஆனால் பேனாவைக் கையில் எடுத்தால் ஊமையாகிவிடுவேன். வெள்ளைத்தாளைப் பார்த்ததும் தலைக்குள் இருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடிவந்து ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒன்றும் வெளியே வராது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையில் இருந்த ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கூடவே பல்கலைக்கழகம் போகாமல் வெளிவாரியாகப் பட்டப்படிப்பும் படித்தேன். அரசறிவியல் அதில் ஒரு பாடம். முதல் தடவை அந்தப் பாடத்தில் கோட்டை விட்டேன். கண்டியில் சனிக்கிழமை வகுப்பு எடுத்தவர் என் பயிற்சிக் கட்டுரையின் தலையில் சிவப்பு மையால், பொருள் இருக்கிறது, ஒழுங்கு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். ஒழுங்கு இல்லையாம். கண்டியிலிருந்து மாத்தளை வரும்வரை பஸ் யன்னலைப் பார்த்து அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மாத்தளையில் இறங்கும்போது ஒன்று உறைத்தது. நான் முணுமுணுத்த பதிலில் ஒழுங்கு இருந்தது. முதலில் அவர் சொன்னதைச் சொன்னேன், பிறகு அது ஏன் பிழை என்றேன், பிறகு உதாரணம் காட்டினேன், கடைசியில் அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருப்பதாக ஒப்புக்கொள்ளக்கூடச் செய்தேன். அதை அப்படியே எழுதியிருந்தால் நல்ல கட்டுரை. ஆனால் வீட்டுக்குப் போய் தாளை விரித்தபோது ஒரு வரிகூட ஞாபகத்தில் இல்லை.

வீட்டில் ஒரு கெசட் ரேடியோ இருந்தது. என் கணவரின் அக்கா சவூதியில் வேலை செய்தபோது அனுப்பியது. அந்த நாட்களில் வெளிநாடு போனவர்களுக்குக் கடிதம் எழுதுவதைவிட கெசட்டில் பேசி அனுப்புவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு வீட்டில் ரெக்கோர்ட் பண்ணினால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற அத்தனை பேரும் வந்து ஆளுக்கொரு வாய் பேசுவார்கள். எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள்: நாங்க எல்லாரும் சொகம், நீங்க சொகமா. அக்கா திரும்பி வந்த பிறகு அந்த ரேடியோவுக்குப் பாட்டுக் கேட்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. நான் அதற்கு ஒரு வேலை கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, கட்டுரைத் தலைப்பை உரக்க வாசித்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன்.

முதல் தடவை போட்டுக் கேட்டபோது ரேடியோவை முற்றத்தில் வீசலாம் போலிருந்தது. என் குரலா அது? கீச்சுக் கீச்சென்று, வாக்கியத்துக்கு வாக்கியம் "அது வந்து, அது வந்து" என்று. கூரைத் தகரத்தில் மழை பெய்யும் சத்தம் என்னைவிடத் தெளிவாகக் கேட்டது. ஆனாலும் விடவில்லை. கேட்கக் கேட்கச் சில விஷயங்கள் பிடிபட்டன. நான் உண்மையில் நம்புகிற இடம் வந்தால் குரல் வேகமாகிறது. நம்பாததைச் சொல்லும்போது "அதாவது" என்ற சொல் அடிக்கடி வருகிறது. புத்தகத்தில் இருந்து உருவியதைச் சொல்லும்போது குரல் பாடசாலைப் பிரார்த்தனை சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. டேப்பை நிறுத்தி நிறுத்தி, வேகமான இடங்களை மட்டும் தாளில் குறித்துக்கொண்டேன். கட்டுரைக்கு எலும்பு கிடைத்துவிட்டது.

பிறகு இன்னொரு பழக்கமும் சேர்ந்தது. பேசிக்கொண்டு போகும்போதே என்னை நானே திட்ட ஆரம்பித்தேன். ஐந்தாம் வகுப்பை அடக்குவதற்கென்று எனக்கு ஒரு தடித்த குரல் உண்டு. அந்தக் குரல் நடுவில் புகுந்து, "நிறுத்து. இதுக்கு ஆதாரம் எங்க? வாய்க்கு வந்தத பேசாத. மூணாவதா சொன்னியே, அதத்தான் முன்னுக்கு வைக்கணும். திரும்ப ஆரம்பி" என்று அதட்டும். உடனே கீச்சுக்குரல் அடங்கி, சொன்னபடி திரும்ப ஆரம்பிக்கும். ஒருத்தி கொட்டுவாள், மற்றவள் பொறுக்குவாள். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் எனக்குக் கட்டுரை வரும். இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறேன். இப்போது கைத்தொலைபேசியில் பதிகிறேன் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாத்தளைக்கு அருகே ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வேலை செய்தார். வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஏலம், மிளகு, சாதிக்காய், கொக்கோ எல்லாம் காட்டி, எந்த எண்ணெய் எதற்கு நல்லது என்று விளக்குவது அவர் வேலை. இந்த எண்ணெயைத் தேய்த்தால் முடி வளரும் என்று ஜெர்மன் மொழியில்கூடச் சொல்லுவார். அவர் தலையில் முடி இல்லை. நாள் முழுக்க அங்கே பேசிவிடுவதாலோ என்னவோ, வீட்டில் வாய் திறப்பது அருமை. நான் ரெக்கோர்ட் பண்ண உட்கார்ந்தால் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார். ஆள் காதில் வாங்குவதேயில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் பரீட்சைக்கு எல்லாரும் எதிர்பார்த்த கேள்வி ஒன்று இருந்தது. இலங்கைக்கு ஒற்றையாட்சி பொருத்தமானதா, ஆராய்க. அதிகாரப் பகிர்வு பற்றி நாடே சண்டை பிடித்துக்கொண்டிருந்த நேரம். எனக்கு ஒரு முறை இருந்தது. எந்தக் கேள்வியானாலும் முதலில் ஒரு பக்கத்தை முழுசாக, எதிரே இருக்கிறவர் வாயடைத்துப் போகிற அளவுக்குப் பேசி முடிப்பேன். அதன் பிறகுதான் மற்றப் பக்கத்துக்கு வருவேன். இரண்டையும் கலந்து பேசினால் எனக்குக் குழம்பிவிடும். அன்று பொருத்தமில்லை என்ற பக்கத்தை எடுத்துக்கொண்டேன். கெசட்டின் ஒரு பக்கம் முடியும்வரை பொரிந்து தள்ளினேன். மற்றப் பக்கத்தைப் போடலாமென்று பார்த்தால் மூடி திறக்கவில்லை. உள்ளே கெசட் மாட்டிக்கொண்டது. பின்னுக்கு ஓட்டி அமுக்கினால் பாடுகிறது, கெசட் மட்டும் வெளியே வரமாட்டேன் என்கிறது. நான் குத்தினேன், தட்டினேன், ஏசினேன். மனுசன் குசினியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு வேலைக்குப் போற வழியில டவுனுல குடுத்துட்டுப் போறேன். நீ அடிச்சு ஒடைச்சிராத" என்றார்.

மறுநாள் காலை ரேடியோவை ஒரு சீத்தைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

வழியில் ஒரு சோதனைச் சாவடி. எந்த இடம், எந்தப் பொலிஸ் நிலையம் என்று நான் சொல்லப் போவதில்லை. யுத்த நாட்கள், ரேடியோவுக்குள் குண்டு வைக்கிறார்கள் என்று நாடெங்கும் பயம் இருந்த காலம். எல்லாரையும் இறக்கி, அவர் பையைப் பார்த்த ஆமிக்காரப் பையன் நாலடி தள்ளி நின்றுகொண்டு, அதை நீயே போட்டுக் காட்டு என்று சொல்லியிருக்கிறான். இவரும் அமுக்கியிருக்கிறார். என் குரல் சாவடி முழுக்கக் கேட்டிருக்கிறது. ஒரே நாடு, ஒரே ஆட்சின்னு சொல்றீங்க, கவர்மெண்டு கந்தோருக்குப் போனா என் பாஷையில ஒரு படிவம் இருக்கா, யாருக்கு இந்த ஆட்சி. அதற்குப் பிறகு அந்தத் தடித்த குரல். பத்தாது, இன்னும் பலமா சொல்லு, முதல்ல இருந்து. பையனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு பெண் உத்தரவு போடுகிறாள், இன்னொருத்தி கீழ்ப்படிகிறாள் என்பது யாருக்கும் விளங்கும்.

எனக்குச் செய்தி கொண்டுவந்தவர் அதே பஸ்ஸின் கொண்டக்டர். சிங்களவர், எங்களுக்குப் பல வருடப் பழக்கம். மேலே போய்த் திரும்ப இறங்குகிற ட்ரிப்பில் பாடசாலை வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். "மிஸ், மாத்தையாவ ஸ்டேசனுக்குக் கொண்டு போயிட்டாங்க. ரேடியோவும் போயிட்டு. வாங்க, பஸ் நிக்குது" என்றார். மாத்தையா என்றது என் கணவரை. அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், அது போதுமாக இருந்தது. அதே பஸ்ஸில் ஏறினேன்.

அந்த நாட்களில் அகப்பட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பொழுது சாய்வதற்குள் அந்த ஸ்டேசனிலிருந்தே வெளியே வந்தால் தப்பினார்கள். ரிப்போர்ட் எழுதி மேலே அனுப்பிவிட்டால் கண்டி, கொழும்பு, அப்புறம் எங்கே என்று தெரியாது. எங்கள் தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர் அப்படி ஒரு பொங்கலுக்குப் போய் அடுத்த பொங்கலுக்குத்தான் வந்தார். வந்தவர் யாருடனும் பேசவில்லை. பஸ் வளைந்து வளைந்து இறங்கும்போது அந்தக் கிளாக்கரின் முகம்தான் எனக்கு முன்னால் வந்து வந்து போனது. பயத்தைவிடக் கோபம்தான் எனக்குப் பழக்கம் என்பதால், மூடி திறக்காத அந்த ரேடியோவைக் கோபித்துக்கொண்டே போனேன்.

ஸ்டேசனில் என் கணவரைச் சுவரோரம் ஒரு மர வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், பக்கத்தில் நின்றவர் தோளை அமுக்கினார். மேசையில் ரேடியோ. அதன் முன்னால் நடுத்தர வயதுக் கான்ஸ்டபிள் ஒருவர், மாத்தளைப் பக்கத்து முஸ்லிம், வீட்டில் தமிழ் பேசுகிறவர். காலையிலிருந்து அந்த டேப்பைப் போட்டு, நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, வரிவரியாகச் சிங்களத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பாவம், கண் சிவந்திருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள்கூட என்னை இவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டதில்லை.

பொறுப்பதிகாரி சிங்களத்தில்தான் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இதில் பேசுவது நீதானா?"

"நான்தான் சேர். பரீட்சைக்குப் படிச்சது."

"மற்றப் பெண் யார்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. கான்ஸ்டபிள் தமிழில் சொன்னார். "டீச்சர், ஒங்களுக்கு உத்தரவு குடுக்குறாங்களே ஒரு பொம்புள. அத இங்க வை, இத அங்க வை, திரும்ப சொல்லுன்னு. நீங்களும் அவங்க சொல்றபடியே சொல்றீங்க. அவங்க யாருன்னு ஒங்க மாப்பிள்ளகிட்ட கேட்டோம். அதுவும் என் சம்சாரந்தான்னு சொல்றாரு. ரெண்டு சம்சாரமான்னு கேட்டா இல்ல, ஒண்ணுதான்றாரு. சேர் நம்பல. நானும் நம்பல."

வாங்கைப் பார்த்தேன். நான் என்ன பொய்யா சொன்னேன் என்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார். ரிப்போர்ட்டில் அவர்கள் எழுதியிருந்தது இதுதான்: இரண்டு பெண்களின் கூட்டம், ஒருத்தி தலைவி, அவள் யாரென்று தெரியவில்லை, கணவன் மறைக்கிறான். இல்லாத ஒருத்தியை ஒளித்து வைத்ததற்காக அவரை வைத்திருந்தார்கள்.

"அது நான்தாங்க" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் கான்ஸ்டபிள். "நான்தான்னு சொல்றேன்ல" என்றேன். "டீச்சர், நல்லா யோசிச்சு..." என்று அவர் இழுத்தார். அவ்வளவுதான், எனக்கு ஏறிவிட்டது. "நிறுத்து. ஆதாரம் இல்லாம வாய்க்கு வந்தத பேசாத" என்றேன். என்னை அறியாமல் வந்தது, ஐந்தாம் வகுப்புக் குரல். பொலிஸ் நிலையத்தில் ஒரு பொலிஸ்காரரைப் பார்த்து. ஸ்டேசன் முழுக்கத் திரும்பியது. கான்ஸ்டபிளின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. மெதுவாகப் பொறுப்பதிகாரி பக்கம் திரும்பி, "சேர், இந்தக் குரல்தான்" என்றார்.

அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். பொறுப்பதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒரு ஆள் ஏன் இரண்டு ஆளாகப் பேச வேண்டும் என்றார். யோசிப்பதற்கு எதற்கு மெசின் என்றார். தெரிந்த சிங்களத்தில் தட்டுத்தடுமாறி விளக்கினேன். முதலில் கொட்டுவேன், பிறகு பொறுக்குவேன், ஒரு பக்கத்தை முழுசாகப் பேசினால்தான் மற்றப் பக்கம் கண்ணுக்குத் தெரியும், மற்றப் பக்கத்தைப் பதிவதற்குள் மெசின் பழுதாகிவிட்டது. பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "பரீட்சைக்குப் படிக்கிறவள் இவ்வளவு கோபமாகப் பேசமாட்டாள். இது உன் சொந்தப் பேச்சு" என்றார்.

"எந்தப் பக்கம் பேசினாலும் நான் இப்படித்தான் பேசுவேன் சேர்."

"அப்படியா? எங்கள் பக்கத்தையும் இப்படிப் பேசுவாயா?"

"பேசுவேன்."

அவர் வாங்கில் இருந்தவரைக் கையால் காட்டினார். "இந்த ஆளை வைத்திருக்க வேண்டுமா, விட வேண்டுமா? பேசு. இரண்டு பக்கமும் பேசு. நான் கேட்கிறேன்."

அதைவிடப் பெரிய பரீட்சை எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. தமிழில் பேசலாமா என்று கேட்டேன். சிங்களத்தில் என்னால் பஸ் டிக்கெட் எடுக்கலாம், மரக்கறிக் கடையில் சண்டை போடலாம், யோசிக்க வராது. அவர் சம்மதித்தார். கான்ஸ்டபிள் வரிக்கு வரி சொல்வதாக ஏற்பாடு. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மெசினோடு பேசிப் பழகியவள், ஒரு ஸ்டேசன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆரம்பம் மோசமாக இருந்தது. "அதாவது, பாதுகாப்பு என்பது ஒரு நாட்டுக்கு முக்கியம்" என்றேன். பிரார்த்தனைக் குரல். எனக்கே கேட்டது. நடிக்கிறேன் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும். தடித்த குரலை வரவழைத்தேன். "நிறுத்து. இது புத்தகத்துல இருக்கறது. இங்க நடந்தத சொல்லு."

பிறகுதான் வந்தது. சாவடியில் நின்ற பையனைப் பற்றிப் பேசினேன். நாவுல ஊரோ கலேவெல ஊரோ, ஏதோ ஒரு வயல் வீட்டுப் பிள்ளை. ஒவ்வொரு பையையும் திறக்கும்போது இதுதான் கடைசியோ என்று நினைத்துத் திறக்கிறான். அவனுக்கு விளங்காத பாஷையில் ஒருத்தி கோபமாகக் கத்துகிறாள், இன்னொருத்தி உத்தரவு போடுகிறாள். அவன் விட்டுவிட வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? விட்டவர்களில் ஒருவன் போய் ஒரு ரயிலில் குண்டு வைத்தால், செத்தவர்களின் வீட்டுக்கு நானா போய்ப் பதில் சொல்லுவேன்? குரல் வேகமாகிக்கொண்டே போனது. வேகமானால் அது நான் நம்புகிற இடம். எனக்கே அது தூக்கிவாரிப் போட்டது, ஆனால் நிறுத்த முடியவில்லை.

"இது பயத்தப் பத்தின காரணம். இந்த ஆளப் பத்தி என்ன இருக்கு?" என்று தடித்த குரல் கேட்டது. ஆளைப் பற்றியும் சொன்னேன். தினமும் வெளிநாட்டுக்காரர்களோடு பழகுகிறார். பல பாஷை பேசுகிறார். எந்தப் பாதை எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். அக்கா வெளிநாட்டில் இருந்திருக்கிறார். வாங்கில் இருந்தவரை நான் பார்க்கவில்லை. கான்ஸ்டபிள் சொல்வதை நிறுத்திவிட்டு என் பக்கம் குனிந்து மெல்லிய குரலில், "டீச்சர், இதெல்லாம் அவங்களுக்குத் தெரியாது. இதையும் சொல்லவா?" என்றார்.

"சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னார். பொறுப்பதிகாரியின் புருவம் ஏறியது. "இவள் எங்களைவிட நன்றாக வழக்குப் பேசுகிறாளே" என்றார். யாரோ சிரித்தார்கள். "போதுமா?" என்று கேட்டார். "இன்னும் முடியல சேர். ஒரு பக்கந்தான் முடிஞ்சிருக்கு" என்றேன்.

மற்றப் பக்கத்துக்கு வந்தபோது எனக்குக் குரல் நடுங்கவில்லை. அந்தப் பக்கத்தில் சொல்ல இருந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன், இனி எனக்குத் தெரியாமல் அங்கே பதுங்கியிருக்க ஒன்றும் இல்லை. பையன் போட்டுக் காட்டு என்றான், இவர் உடனே போட்டார். அந்த டேப்பில் பயப்பட ஒன்று இருப்பதாக நினைத்திருந்தால், பழுது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பழுதும்தான். பிறகு யார் அந்தப் பெண் என்று கேட்டார்கள், உண்மையைச் சொன்னார். நம்பமாட்டார்கள் என்று தெரிந்தும் அதையே சொன்னார். ஒரு பொய் சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபம். இப்போது அந்த இரண்டாவது பெண் இல்லையென்று ஆகிவிட்டது. ரிப்போர்ட்டில் இவருக்கு எதிராக மிச்சம் இருப்பது ஒரு ரேடியோவைத் திருத்தக் கொண்டுபோனது மட்டும்தான்.

"அப்ப முடிவு என்ன? முடிவ சொல்லு" என்று தடித்த குரல் கேட்டது.

"அவர விடணும்" என்றேன். "டேப்புல இருக்கறது அவரு குரல் இல்ல. என் குரல். யாரையாவது வச்சிருக்கத்தான் வேணும்னா என்னை வச்சிருங்க."

வீரம் பேசினேன் என்று நினைக்கக்கூடாது. வாக்கியம் வாயை விட்டுப் போன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. யோசனை வரிசையாக வந்து வந்து அங்கேதான் நின்றது. ரெக்கோர்ட் பண்ணும்போது எத்தனையோ தடவை அப்படி நடந்திருக்கிறது, நினைத்துத் தொடங்கியது ஒன்று, முடிவது வேறொன்று. ஆனால் அதுவரை என் முடிவுகள் தாளோடு போயின.

பொறுப்பதிகாரி கான்ஸ்டபிளைப் பார்த்தார். "கடைசியாக என்ன சொன்னாள்?"

கான்ஸ்டபிள் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிங்களத்தில், "அவரை விட வேண்டும் என்று சொல்கிறார் சேர். அத்தோடு முடிந்துவிட்டதாம்" என்றார்.

காலையிலிருந்து என் ஏச்சு, கொட்டாவி, இருமல்வரை ஒன்றும் விடாமல் எழுதிய மனுசன், அந்தக் கடைசி வரிகளை மட்டும் விட்டுவிட்டார். எனக்குச் சிங்களம் விளங்கும் என்று அவருக்குத் தெரியும். திருத்துவதற்கு வாய் திறந்தேன், அது என் பிறவிக் குணம். அவர் என்னைப் பார்த்தார். கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. சும்மா பார்த்தார். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட இடங்களை விரல் விட்டு எண்ணலாம். அது ஒன்று.

பொறுப்பதிகாரி கான்ஸ்டபிள் எழுதிய தாள்களை வாங்கி, ஒன்றாக மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார். பேனாக்கத்தியால் மூடியை நெம்பி, டேப்பை அறுத்து எடுத்து அதையும் உள்ளே போட்டார். ரேடியோவை என் பக்கம் தள்ளினார். "பரீட்சையில் மற்றப் பக்கத்தையும் எழுது" என்றார். "எழுதுவேன் சேர்" என்றேன். எழுதவும் செய்தேன். அந்த வருடம் அந்தப் பாடத்தில் நான் தேறினேன். அதைவிட, எழுதும்போது அந்தச் சாவடிப் பையனை மறக்காமல் எழுதினேன் என்பதில்தான் எனக்குத் திருப்தி.

வெளியே வரும்போது கான்ஸ்டபிள் வாசல்வரை வந்தார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது, எதற்கென்று வெளிப்படையாகச் சொல்ல முடியாது. "ஒங்களுக்குத்தான் பெரிய கரைச்சல்" என்றேன். "தொண்ட வத்திப் போச்சு டீச்சர். இனிமே பரீட்ச இருந்தா சின்னக் குரல்ல படிங்க" என்றார்.

நாங்கள் பஸ் ஹோல்ட்டுக்கு நடந்தோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கொக்கோ ஏற்றிய லொறி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அவர் ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். நான் சொன்னதெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. வெளிநாட்டுக்காரர்களோடு பழகுகிறார், பாதையெல்லாம் தெரியும். கட்டின மனுசனை வாங்கில் உட்கார வைத்துக்கொண்டு, உள்ளே போட வேண்டும் என்று வாதாடினேன். ஹோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த தேத்தண்ணிக் கடைக்குள் போய் உட்கார்ந்தோம். கிளாஸைத் தூக்க எனக்குக் கை வரவில்லை.

"பயந்துட்டீங்களா?" என்றேன்.

"எப்ப?"

"நான் அவங்க பக்கம் பேசுனப்ப."

"அதுக்கு ஏன் பயப்புடணும்" என்றார். "நம்ம வீட்டுல நீ பேசுறதெல்லாம் குசினியில இருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். ஒரு பக்கத்த மிச்சம் வைக்காம பேசிட்டுத்தான் நீ இந்தப் பக்கம் வருவ. நீ அரைகொறையா நிறுத்தியிருந்தாத்தான் எனக்குப் பயம் வந்திருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடையில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் அழுதேன். இத்தனை நாளும் ஒரு மெசினுக்குத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் தன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஆனா கடைசியில ஒண்ணு சொன்னியே" என்றார். "நீ எங்க வந்து முடிப்பன்னு எனக்கு எப்பவும் முன்னுக்கே தெரிஞ்சிரும். அது மட்டும் எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியலங்க" என்றேன்.